வாசகர் கேள்வி – பதில்: புல்லுக்கு அடியில் பழைய உழவு

இங்கிலாந்தின் புல்வெளிகளில் தாம் கண்ட மேடு பள்ளங்களைப் பற்றி வெள்ளவத்தை வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் வெளியிட்டு, விடையை இவ்விதழில் தருவதாகக் கூறியிருந்தோம். அதைப் படித்த வேறு சில வாசகர்களும் அதே விடயத்தைத் தொட்டு எழுதியிருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். முதற் கடிதத்தின் சாரத்தை மீண்டும் தருகிறோம்.

கேள்வி: தை மாதத்தில் லெஸ்டரிலுள்ள மகள் வீட்டில் தங்கியிருந்தேன். லண்டனிலிருந்து புகையிரதத்தில் போகும்போது, மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரை அண்டிய பகுதியில், ஆடுகள் மேயும் புல்வெளிகள் சில தட்டையாக இல்லாமல், சீரான இடைவெளியில் மேடும் பள்ளமுமாக நீண்டு கிடப்பதைக் கண்டேன். அவை அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய உழவின் தடங்கள் என்று மருமகன் சொன்னார். ஒரு மழைக்கே கரைந்துபோகும் உழவுசால் அறுநூறு ஆண்டு எப்படி நிற்கும்?
ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: தங்கள் மருமகன் சொன்னது சரிதான், அம்மா. ஆனால் தாங்கள் கண்டது ஒரு பருவத்து உழவின் சால் அன்று. அதே நிலத்தை அதே போக்கில் தலைமுறை தலைமுறையாக உழுததனால் சிறுகச் சிறுகக் குவிந்த மண் அது. ஒற்றைச் சால் மழைக்குக் கரையும். இருநூறு முந்நூறு ஆண்டுகளாகக் குவிந்த மேடு, அதன்மேல் புல்லும் வேரூன்றிவிட்டால், எளிதில் கரையாது.

மத்திய காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் புழங்கிய கனத்த கலப்பையில், கொழுவுக்குப் பின்னால் வளைந்த பலகை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கொழு வெட்டிய மண்ணை அந்தப் பலகை தூக்கிப் புரட்டி, எப்போதும் வலப்பக்கமாகவே தள்ளும். பலகை அசையாதபடி பூட்டப்பட்டிருந்ததால் இடப்பக்கம் தள்ள அதனால் முடியாது. அப்படிப்பட்ட கலப்பையை வைத்துக்கொண்டு, ஒரு சால் உழுது அதன் அருகிலேயே திரும்பி வந்தால், போகும்போது ஒரு திசையிலும் வரும்போது எதிர்த்திசையிலும் மண் விழுந்து நிலம் ஒழுங்காகப் புரளாது. ஆகவே உழவர்கள் நீண்டு ஒடுங்கிய ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டு, அதன் நடுக்கோட்டைத் தமக்கு வலப்புறமாக வைத்து, கோயிலை வலம் வருவதுபோலச் சுற்றிச் சுற்றி உழுதார்கள். போகும்போதும் வரும்போதும் மண் நடுவை நோக்கியே விழுந்தது.

ஓர் உழவில் மண் நகரும் தூரம் மிகச் சிறிது. அந்தப் பருவத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆண்டுதோறும் அது தொடரத் தொடர, நடுப்பகுதி உயர்ந்து இரு ஓரங்களும் தாழ்கின்றன. அடுத்த துண்டின் ஓரமும் தாழ்வதால், இரண்டு துண்டுகளுக்கும் இடையே நீளப் பள்ளம் ஒன்று உண்டாகிறது. ஒரு மேட்டின் உச்சிக்கும் அடுத்த மேட்டின் உச்சிக்கும் இடையே பெரும்பாலும் 5 முதல் 10 மீற்றர் வரை இருக்கும். சில ஊர்களில் அதற்கு மேலும் உண்டு. உயரம் சில இடங்களில் கணுக்கால் அளவே இருக்க, நன்கு எஞ்சியுள்ள இடங்களில் ஒரு மீற்றரை நெருங்குகிறது.

இந்த மேடு வேண்டுமென்றே எழுப்பப்பட்டதா, கலப்பையின் போக்கால் தானாக எழுந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. லெஸ்டர்ஷயர், நோர்தம்டன்ஷயர், வோரிக்ஷயர் ஆகிய பகுதிகளின் நிலம் பெரும்பாலும் கனத்த களிமண். மழைநீர் உள்ளிறங்காமல் தேங்கி, விதைத்த கோதுமையை அழுகச் செய்யும். மேடுகள் பல இடங்களிலும் சரிவின் போக்கிலேயே ஓடுவதைப் பார்த்தால், நீரை வடிக்கும் எண்ணம் உழவனுக்கு இருந்திருக்கவே வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதோடு, வேலியே இல்லாத பெருவயல்களில் அடுத்தடுத்த துண்டுகள் வெவ்வேறு குடும்பங்களின் கையில் இருந்தன. இடைப் பள்ளம் எல்லை காட்டவும் உதவியது. தானாக எழுந்த மேட்டால் பயன் உண்டு என்று கண்ட விவசாயி அதைப் பேணி வளர்த்தான் என்று கொள்வதே பொருத்தமானது.

இனித் தாங்கள் உண்மையில் கேட்டதற்கு வருவோம். மேட்டை உண்டாக்கியது உழவு. அதைக் காப்பாற்றித் தந்தது உழவு நின்றமை. 1348–49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் மக்களில் மூன்றிலொரு பங்கினரையேனும் பலிகொண்டது. உழ ஆள் கிடைக்கவில்லை, கூலி உயர்ந்தது, கம்பளிக்கோ நல்ல சந்தை இருந்தது. அடுத்துவந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நிலவுடைமையாளர் பலர் உழுநிலத்தைப் புல்நிலமாக்கி, பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பயிரிட்ட இடத்தில் ஓர் இடையனையும் ஒரு மந்தையையும் விட்டனர். யோக்ஷயரிலுள்ள வொராம் பெர்சி போன்ற சில ஊர்கள் முற்றாகவே ஆளற்றுப் போயின. அங்கே இடிந்த தேவாலயம் ஒன்று நிற்க, வீடுகள் இருந்த திட்டுகளும் தெருக்களின் தடங்களும் புல்லுக்கடியில் கிடக்கின்றன. ஊர்கள் இவ்வாறு வெறுமையாவதைத் தடுக்க 1489இலேயே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், நிலைமை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை ஊகிக்கலாம்.

எஞ்சிய பெருவயல்களில் பெரும்பகுதியை, வேலியடைத்துத் தனியுடைமை ஆக்குவதற்கான சட்டங்கள் பின்னர் முடிவுக்குக் கொண்டுவந்தன. 1604க்கும் 1914க்கும் இடையே அத்தகைய சட்டங்கள் 5,200க்கும் மேல் நிறைவேறின. அவை தொட்ட பரப்பு ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். லெஸ்டர்ஷயர்ப் பக்கத்தில் வேலியடைத்த நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சலுக்கே விடப்பட்டது. அங்கே கடைசி உழவு எந்த வடிவில் நின்றதோ, அந்த வடிவத்தின்மேல் புல் படர்ந்து மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டது. கேம்பிரிட்ஜ்ஷயர் போன்ற, தானியப் பயிர்ச்செய்கை தொடர்ந்த கிழக்குப் பகுதிகளிலும் இதே மேடுகள் இருந்தன. இன்று அங்கே காணக் கிடைப்பவை மிகச் சில. தொடர்ந்து உழுத நிலம் தன் பழைய உருவத்தைத் தானே அழித்துக்கொண்டது.

தாங்கள் தை மாதத்தில் சென்றது நல்லதாயிற்று. குளிர்காலத்துத் தாழ்ந்த வெயிலில் மேட்டின் ஒரு பக்கம் ஒளியிலும் மறுபக்கம் நிழலிலும் கிடக்கும்போதுதான் இவை துலக்கமாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே வயலைப் பார்த்தால் வெறும் புல்தான். பனி உருகும் நாளில் மேடுகள் முதலில் பச்சையாகி, பள்ளங்களில் மட்டும் வெள்ளைக் கோடுகள் மிஞ்சும். மீண்டும் ஒருமுறை சித்திரை, வைகாசியில் போகக் கிடைத்தால், வேலிப் படலையருகே நின்று பூக்களைப் பாருங்கள். பட்டர்கப் என்னும் மஞ்சட் பூச்செடியில் மூன்று இனங்கள் அந்த வயல்களில் வளர்கின்றன. அடியில் கிழங்கு வைக்கும் இனம் உலர்ந்த மேட்டு உச்சியிலும், நிலத்தில் படரும் இனம் ஈரமான பள்ளத்திலும், உயர்ந்து வளரும் மூன்றாவது இனம் இடைச்சரிவிலும் இடம்பிடித்துக்கொள்கின்றன. உச்சியில் உள்ளது முந்திப் பூப்பதால், சில வாரங்களுக்கு மேடுகள் மாத்திரம் மஞ்சட் பட்டிகளாகத் தெரியும். ஓரடி இரண்டடி உயர வேறுபாட்டைச் செடி எவ்வளவு நுட்பமாக அறிந்து வைத்திருக்கிறது!

கேள்வி: செய்மதிப் படத்தில் அந்த வயல்களைத் தேடிப் பார்த்தேன். கோடுகள் நேராக இல்லாமல், இரண்டு முனைகளிலும் வளைந்து, திருப்பிப்போட்ட ஆங்கில ‘எஸ்’ எழுத்தின் வடிவில் தெரிகின்றன. நேராக உழ அவர்களுக்குத் தெரியாதா?
உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: நேராக உழ அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வளைவுக்குக் காரணம் எருதுகள். கனத்த களிமண்ணில் அந்தக் கலப்பையை இழுக்க, முழுப் பூட்டு என்றால் இரண்டிரண்டாக எட்டு எருதுகள் என்பது கணக்கு. 1086இல் இங்கிலாந்தின் பெரும்பகுதியைக் கணக்கெடுத்த அரச பதிவேட்டில்கூட ஓர் ஊரின் வளம் அதன் ஏர்ப்பூட்டுகளின் எண்ணிக்கையால் குறிக்கப்படுகிறது. நான்கு சோடி எருதுகள், அவற்றின் பின்னால் கலப்பை என்றால், முன்சோடிக்கும் கொழுவுக்கும் இடையே பத்து மீற்றருக்கும் அதிகமான தூரம் வந்துவிடும். இவ்வளவு நீண்ட பூட்டை நிலத்தின் முனையில் சட்டென்று திருப்ப முடியாது.

எனவே முனையை நெருங்கும்போதே முன்னெருதுகளை இடப்பக்கம் வளைத்து, முனையிலுள்ள உழாத பட்டையில் நடக்கவிட்டார்கள். அவை பக்கவாட்டில் நடந்துகொண்டே இழுக்க, கலப்பை துண்டின் கடைசிவரை வந்து சேரும். அதன்பின் முழுப் பூட்டையும் வலப்புறமாகத் திருப்பி மறுபக்கச் சாலில் இறக்குவார்கள். வடக்கு முனையில் இடப்பக்கம் என்றால் மேற்கு. தெற்கு முனையில் இடப்பக்கம் என்றால் கிழக்கு. இரண்டு முனைகளும் எதிரெதிராக வளைவதற்கு அதுவே காரணம். ஒரு தாளில் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பாருங்கள், உடனே விளங்கிவிடும்.

எருது திரும்பிய முனைப் பட்டைகளையும் படத்தில் தேடுங்கள். ஒவ்வொரு சாலின் முடிவிலும் கலப்பையில் ஒட்டிவந்த மண் அங்கேதான் தட்டி விழுந்தது. நூற்றாண்டுகளில் அது நீண்ட அகன்ற கரையாக உயர்ந்தது. மேடுகள் யாவும் உழுது அழிக்கப்பட்ட வயல்களிலும் இந்தக் கரைகள் மட்டும் தாழ்ந்த புடைப்புகளாக மிஞ்சியிருப்பதுண்டு.

கேள்வி: நான் தெஹிவளையில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஓர் ஏக்கர் என்ற கணக்கை நாள்தோறும் காணி உறுதிகளில் எழுதுகிறேன். பத்தும் நூறுமாக இல்லாத இந்த விசித்திர எண்களுக்கும் சென்ற இதழில் வந்த பழைய உழவுக்கும் தொடர்பு உண்டா?
வாசகர், தெஹிவளை

பதில்: உண்டு; மிக நெருங்கிய தொடர்பு. பேர்ச் என்பது முதலில் ஒரு நீள அளவு. 16½ அடி, அதாவது ஏறத்தாழ 5 மீற்றர். 40 பேர்ச் நீளமும் 1 பேர்ச் அகலமும் கொண்ட நிலம் ஒரு றூட். அத்தகைய நான்கை அருகருகே வைத்தால் 40 பேர்ச் நீளமும் 4 பேர்ச் அகலமும் கொண்ட ஏக்கர் கிடைக்கிறது. நாற்பதை நான்கால் பெருக்க வரும் 160 சதுரப் பேர்ச்சைத்தான் தாங்கள் உறுதியில் எழுதுகிறீர்கள். சதுரமாக இல்லாமல் ஏன் இவ்வளவு நீண்டு ஒடுங்கிய வடிவம் என்றால், அது உழுநிலத் துண்டின் வடிவம் என்பதே விடை. நீளம் 220 யார், சற்றேறக்குறைய 201 மீற்றர். எருதுப் பூட்டு ஒரே இழுப்பில் போய் இளைப்பாறும் தூரமாக அது கருதப்பட்டது. திருப்புவது தொல்லையான வேலை என்பதால் துண்டு நீளமாக இருப்பதே உழவனுக்கு வசதி.

ஏக்கரின் அகலமாகிய 4 பேர்ச் 22 யாருக்குச் சமம். 1620 அளவில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் வகுத்த, 100 கண்ணிகள் கொண்ட நில அளவைச் சங்கிலியின் நீளமும் அதுவே. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் அதுவே. ஓர் ஏக்கர் என்பது ஒரு நாள் உழவு என்றும் அக்காலத்தில் கணக்கிட்டார்கள். 9 அங்குல அகலத்தில் சால் பிடித்தால், 22 யார் அகலத்தை உழுது முடிக்க 88 தடவை நிலத்தின் நீளத்தைக் கடக்க வேண்டும். அது 11 மைல் நடை. கலப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு களிமண்ணில் 11 மைல் என்பதை எண்ணும்போது, ஒரு நாளில் உண்மையாகவே ஓர் ஏக்கர் முடிந்திருக்குமா என்ற ஐயம் எனக்கு எழுகிறது. எழுத்தில் இருக்கும் கணக்குகள் உழுபவனைவிட மேற்பார்ப்பவனுக்கே பெரும்பாலும் பொருந்துவன.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 16½ அடி என்பது நாடு முழுவதற்குமாக நிலைநிறுத்தப்பட்ட அளவு. மத்திய காலத்தில் 18 அடி, 20 அடிப் பேர்ச்சுகளும் ஊருக்கு ஊர் புழங்கின. ஆகவே புல்வெளியில் நாடா பிடித்து அளந்தால் ஒவ்வொரு மேடும் சட்டப்படியான அளவில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளையர் ஆட்சியோடு இந்த அளவுமுறை இங்கு வந்து, நில அளவைப் படங்களில் ஹெக்டெயர் இடம்பிடித்த பின்பும், கொழும்பில் காணி விற்பவரும் வாங்குபவரும் பேர்ச்சிலேயே பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தவர் வழக்கிலுள்ள பரப்புக்கூட, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், இப்போது சரியாக 10 பேர்ச்சாக இதனோடு பொருத்தப்பட்டுவிட்டது.

கேள்வி: மேடும் பள்ளமும் கண்ட இடமெல்லாம் மத்திய காலத்தது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?
வாசகர், வத்தளை

பதில்: சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைகளாலும் நீராவிப் பொறிகளாலும் உழுத நிலங்களிலும் மேடுகள் உண்டு. அவை ஒடுங்கியவை, உயரம் குறைந்தவை, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேரானவை. அகலமும் வளைவும் பழமைக்கு நல்ல அறிகுறிகள். அயர்லாந்தின் மலைச்சரிவுகளிலும் ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் காணப்படும் நெருங்கிய மேடுகளோ கலப்பையால் உண்டானவையே அல்ல. உருளைக்கிழங்குக்காக மண்வெட்டியால் எழுப்பிய பாத்திகள். 1840களின் பெரும் பஞ்சத்தின்பின் கைவிடப்பட்ட பல பாத்திகள், இன்று எவரும் குடியிராத உயரங்களில் தெரிகின்றன.

இதைவிட நம்பகமான வழி, எது எதை வெட்டுகிறது என்று பார்ப்பது. வேலியடைப்புச் சட்டத்தின்படி நட்ட நேரான வேலி, வளைந்த மேடுகளைக் குறுக்கே அறுத்துச் சென்று, மறுபக்கத்தில் அதே மேடுகள் தொடர்ந்தால், மேடு வேலிக்கு முந்தியது. கால்வாயும் இருப்புப்பாதையும் இதே சாட்சியைத் தருகின்றன. ஆனால் வேலிக்கு முந்தியது என்பதால் மட்டும் அது பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு உரியதாகிவிடாது. கடைசி உழவு எப்போது நின்றது என்பதற்கே இத்தகைய சான்றுகள் அண்மையில் வருகின்றன. முதல் உழவு எப்போது தொடங்கியது என்பதை மேடு எளிதில் சொல்வதில்லை. பழைய வரைபடம் கிடைத்தால் அது பெருவாய்ப்பு. பக்கிங்ஹம்ஷயரிலுள்ள பட்பரி என்ற ஊரின் துண்டு நிலங்களை 1591இல் ஒக்ஸ்போர்டின் ஓல் சோல்ஸ் கல்லூரிக்காக வரைந்த படம் இன்றும் உள்ளது. இருபதாம் நூற்றாண்டில் அந்த ஊரை விமானத்திலிருந்து எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தபோது, மையில் வரைந்த துண்டுகளும் புல்லில் தெரிந்த மேடுகளும் பொருந்தி வந்தன.

கேள்வி: எங்கள் பூர்வீகம் வன்னி. பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்த எங்கள் வயலை அண்மையில் போய்ப் பார்த்தேன். வரம்புகள் இருந்தன, பற்றைக்காடும் இருந்தது, ஆனால் உள்ளே நிலம் தட்டையாகவே கிடந்தது. நம் முன்னோரும் நூற்றாண்டுக் கணக்கில் உழுதவர்கள்தாமே? அந்த மேடுகள் இங்கு ஏன் உண்டாகவில்லை?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நல்ல கேள்வி, விடை இரண்டு பகுதிகளாக அமையும். நமது மரக்கலப்பையில் மண்ணைப் புரட்டும் பலகை இல்லை. அதன் கொழு மண்ணைக் கீறி இருபக்கமும் ஒரே அளவில் ஒதுக்குகிறது. எனவே ஒரு பக்கமாக மண் நகர்ந்து குவிய வழியில்லை. இரு சால்களுக்கு நடுவே உழாத மண் மிஞ்சுவதால், முதலில் நெடுக்காகவும் பின்னர் குறுக்காகவும் உழுகிறோம். குறுக்குழவு முதல் உழவின் தடத்தையே கலைத்துவிடும். இங்கிலாந்திலும் பலகைக் கலப்பை வருவதற்கு முன் இத்தகைய கீறும் கலப்பையே இருந்தது. அக்காலத்து வயல்கள் அங்கும் நீண்டவை அல்ல; ஏறத்தாழச் சதுரமான சிறு வயல்கள்.

இரண்டாவது காரணம் நெல். கோதுமைக்குத் தேங்கும் நீர் பகை. நெல்லுக்கோ வயல் முழுதும் ஒரே ஆழத்தில் நீர் நிற்க வேண்டும். அதனால் சேறடித்து, பலகையடித்து, மேடு தெரியாமல் மட்டப்படுத்துவதே நம் கமக்காரரின் முதல் வேலை. மானாவாரியாகப் புழுதியில் விதைக்கும் இடங்களிலும் மழைநீரை வரம்புக்குள் மறிப்பதே நோக்கம். அங்கு நீரை வெளியேற்ற நிலத்தை மேடாக்கினார்கள். இங்கு நீரை நிறுத்த நிலத்தைச் சமமாக்கினோம். ஆகவே நம் நாட்டில் பழைய வேளாண்மையைத் தேடுபவர் வயலின் நடுவைப் பார்க்காமல் அதன் ஓரங்களைப் பார்க்க வேண்டும்: வரம்பு, வாய்க்கால், மடை, குளக்கட்டு. வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் ஒரு குளத்தின் கழிவுநீர் அடுத்த குளத்துக்கு இறங்குமாறு தொடராக அமைந்த சிறுகுளங்களில் பல, காட்டுக்குள் உடைந்த கட்டுகளாகவே இன்று கிடக்கின்றன. உடைந்த கட்டு ஒன்றின் கீழே காடு எவ்வளவு அடர்ந்திருந்தாலும், அங்கு ஒருகாலத்தில் வயல் இருந்திருக்கும் என்று கொள்ள இடமுண்டு. தங்கள் வயலில் எஞ்சிய வரம்புகளும் அந்த வகைச் சான்றுதான். மீண்டும் விதைப்பதாயின், உழவு இயந்திரம் அவற்றைத் தட்டிவிடுமுன் ஒருமுறை படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் இவற்றைச் சட்டம் பாதுகாக்கிறதா? அந்தப் பழைய முறையில் இன்றும் உழும் ஊர் ஏதேனும் உண்டா?
வாசகி, கல்கிசை

பதில்: கைவிடப்பட்ட ஊர்களின் எச்சங்களோடு சேர்ந்த சில இடங்கள் நினைவுச்சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன; ஏனையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய காப்பு இல்லை. அழிவு வேகமாக நடந்தது கடந்த நூற்றாண்டில்தான். போர் நெருங்கிய 1939இல், புல்நிலத்தை உழுபவருக்கு ஏக்கருக்கு 2 பவுண் வழங்க அரசாங்கம் முன்வந்தது. பசியை எதிர்நோக்கிய நாடு செய்த முடிவை இன்று குறைகூறுவது எளிது, நான் கூறமாட்டேன். ஆனால் போர் முடிந்து, உணவு போதிய அளவு கிடைத்த பின்பும் மானியமும் உழவும் தொடர்ந்தன.

நொட்டிங்ஹம்ஷயரிலுள்ள லக்ஸ்டன் என்ற ஊரில், வேலியற்ற மூன்று பெருவயல்களைப் பல விவசாயிகள் துண்டு துண்டாகப் பயிரிடும் பழைய முறை இன்றும் நடக்கிறது. அவ்வூரின் துண்டு நிலங்களைக் காட்டும் 1635ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றும் உண்டு. நவம்பர் இறுதியில் ஊர் விவசாயிகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு, அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலைச் சுற்றிவந்து, எவராவது பொதுப் பாதையிலோ அடுத்தவர் துண்டிலோ உழுதிருக்கிறாரா என்று பார்த்து, எல்லையில் முளையடிக்கும். அத்துமீறியவருக்கு ஊர் மன்று அபராதம் விதிக்கும். 1952இல் அரசாங்கம் அவ்வூர் நிலத்தை வாங்கியது. 1981இல் அது முடியுரிமைச் சொத்தாக மாறி, 2020இல் தொர்ஸ்பி என்ற தனியார் பண்ணைச் சொத்துக்கு விற்கப்பட்டது. முறை அங்கே உயிரோடு இருக்கிறது. ஆனால் இயந்திரக் கலப்பை தொடர்ந்து உழும் நிலத்தில் பழைய மேடுகள் நிற்பதில்லை. மேட்டைப் பார்க்க வேண்டுமானால், அந்த முறை ஒழிந்துபோன லெஸ்டர்ஷயர் ஆட்டுப்பட்டிகளுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: விமானச் சீட்டுக்குப் பணமில்லாத கொழும்பு வாசகர் எதைப் போய்ப் பார்ப்பது?
மேற்படி வாசகி

பதில்: பெல்லன்வில, அத்திடிய சதுப்புநிலத்துக்குப் போங்கள். 1990இல் சரணாலயமாக்கப்பட்ட அந்த நிலத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் நெல்வயல். நீர் வடியாமல் தேங்கியதும், நகரம் நெருங்கி வந்ததும், வயல் வேலைக்கு ஆள் குறைந்ததும் சேர்ந்து அதைக் கைவிடச் செய்தன. பறவை பார்க்கப் போகிறவர்கள் நீர்ப்பறவைகளோடு திரும்பிவிடுகிறார்கள். செடிகளின் உயரமும் நிறமும் சட்டென மாறும் கோடுகளையும் கவனியுங்கள். சில அங்குல உயரமே மிஞ்சிய வரம்பின்மேல் வளரும் செடி வேறு, பழைய வயற்தரையில் வளரும் செடி வேறு. தலங்கமைக் குளத்தின் கீழே இன்னும் விதைக்கப்படும் வயல்களை முதலில் பார்த்துவிட்டுப் போனால், எதைத் தேடுவது என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.

அதன்பின் ஆர்வம் மிஞ்சினால், நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் பழைய வான்படங்களைப் பற்றி விசாரியுங்கள். 1800இல் தொடங்கிய திணைக்களம் அது. 1956இல் எடுக்கப்பட்ட வான்படங்கள், கொழும்பின் சுற்றுப்புறங்கள் வீடுகளால் நிறைவதற்கு முந்திய நிலத்தைக் காட்டுகின்றன. இங்கிலாந்தில் போர் முடிந்த கையோடு பிரித்தானிய வான்படை எடுத்த படங்கள் அங்குள்ள மேடுகளுக்கு எந்த வகையில் சாட்சியோ, அந்த வகையில் இவை நம் வயல்களுக்குச் சாட்சி. அத்தகைய படங்கள் ஒன்றின்மேல் ஒன்று அறுபது வீதமளவில் படியுமாறு எடுக்கப்படுவது வழக்கம். அடுத்தடுத்த இரண்டு படங்களை இருகண் ஆடியின் (ஸ்டீரியோஸ்கோப்) கீழ் வைத்துச் சற்று நகர்த்தினால், ஒரு கணத்தில் இரண்டும் ஒன்றாகி, வரம்பும் வாய்க்கால் கரையும் தாளிலிருந்து எழுந்து நிற்கும். சோடியாக உள்ள படங்களையே கேட்டு வாங்குங்கள். ஒற்றைப் படத்தில் உயரம் தெரியாது.